சிமுலேஷன் நிரலுக்கு ஆவணம் எழுதுதல்: ஆர்கானை வைத்து ஒரு செய்முறை

1964இல் அனீசுர் ரஹ்மான் 864 ஆர்கான் அணுக்கள் திரவ நிலையில் எப்படி அசைகின்றன என்று கணினியில் கணக்கிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். ஹைதராபாத்தில் பிறந்தவர், அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். கணினி சி.டி.சி. 3600. வெப்பநிலை 94.4 கெல்வின், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.374 கிராம். அந்தக் கணக்கை இன்று ஒரு மடிக்கணினியிலேயே திரும்பச் செய்யலாம். ஆனால் செய்யப்போனால் முதல் அடியிலேயே இடறும். 864 அணு, மேற்சொன்ன அடர்த்தி, அணுநிறை 39.95 என்று போட்டால், அணுக்களை அடைத்திருக்கும் கற்பனைக் கனசதுரப் பெட்டியின் பக்கம் 34.68 ஆங்ஸ்ட்ரம் வருகிறது. கட்டுரை சொல்வதோ 10.229 சிக்மா. சிக்மா என்பது அணுவின் விட்டத்தைக் குறிக்கும் நீளம்; ஆர்கானுக்கு அது 3.4 ஆங்ஸ்ட்ரம் என்பதால் பக்கம் 34.78. எங்கிருந்து வந்தது இந்த 0.1?

விடை கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது. ஓர் அணுவின் நிறையை 39.95 × 1.6747 × 10⁻²⁴ கிராம் என்று அவர் எழுதியிருக்கிறார். இன்று நாம் போடும் அணுநிறை அலகு 1.6605 × 10⁻²⁴ கிராம். அவருடைய எண்ணை வைத்துக் கணக்கிட்டால் 34.78 அப்படியே வருகிறது. நிரலை யாரும் திறந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை, அவரைக் கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. ‘ஆர்கானின் நிறை’ என்று சொல்லி நகர்ந்துவிடாமல் எண்ணை எழுதிவைத்ததால் முடிச்சு அவிழ்ந்தது.

ஆய்வுக்கான சிமுலேஷன் நிரலின் ஆவணத்துக்கு இதுவே அளவுகோல்: உங்களுக்கு ஒரு மின்னஞ்சல்கூடப் போடாமல் இன்னொருவர் உங்கள் எண்ணுக்கு வந்து சேர முடிய வேண்டும். கீழே உள்ள படிகள், எம்.எஸ்சி. அல்லது ஆய்வுப் படிப்பின்போது ஒரு நிரலை எழுதிவிட்டு, அதை வேறொரு ஆய்வகத்துக்குக் கொடுக்கப்போகிறவர்களுக்கானவை. எடுத்துக்காட்டு முழுக்க ஆர்கான் போன்ற எளிய திரவத்தைக் கணக்கிடும் ஒரு சிறிய மூலக்கூறு இயக்கவியல் நிரல், அதாவது அணுக்களின் அசைவைச் சிறு சிறு நேரப்படிகளில் கணக்கிடுவது. உங்களுடையது வானிலையாகவோ நோய்ப்பரவலாகவோ இருந்தாலும் படிகள் பெரிதாக மாறாது. உங்கள் ஆவணம் அநேகமாக ஆங்கிலத்தில்தான் இருக்கும். மாதிரி வரிகளை இங்கே தமிழில் தருகிறோம்.

எழுதும் வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலோர் கோட்பாட்டு அத்தியாயத்தில் தொடங்கி, சமன்பாடுகளை அழகாக அடுக்கி, நாலு பக்கத்தில் களைத்துவிடுகிறார்கள். அந்த நாலு பக்கமும் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். பயனாளர் நிரலை அணுகும் வரிசையிலேயே எழுதுங்கள்: பார்க்கிறார், நிறுவுகிறார், ஒருமுறை ஓட்டுகிறார், எண்களை மாற்றுகிறார், அப்புறம்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கிறார்.

படி 1: முதல் பக்கம்

ரீட்மீ கோப்பு ஒரு திரைக்குள் அடங்கட்டும். வந்தவருக்குத் தெரிய வேண்டியது, இது என் வேலைக்கு ஆகுமா, எங்கே தொடங்குவது என்பது மட்டும். மாதிரி:

‘எளிய அணுத் திரவங்களுக்கான மூலக்கூறு இயக்கவியல் நிரல். லென்னார்ட்-ஜோன்ஸ் விசை மட்டும். கனஅளவு மாறாது, ஆற்றலையோ வெப்பநிலையையோ நிலைநிறுத்தலாம். மின்னூட்டமுள்ள துகள்கள், பிணைப்புள்ள மூலக்கூறுகள், அழுத்தத்தை நிலைநிறுத்துதல் கிடையாது. லினக்ஸில் மட்டும் சோதிக்கப்பட்டது. தொடங்க: நிறுவும் பக்கம், பிறகு முதல் ஓட்டம்.’

(லென்னார்ட்-ஜோன்ஸ் என்பது இரண்டு அணுக்களுக்கு இடையிலான ஈர்ப்பையும் விலக்கத்தையும் தரும் எளிய சூத்திரம். சிக்மாவும் எப்சிலானும் அதன் இரண்டு எண்கள்: ஒன்று நீளம், மற்றது ஆற்றல்.) மாதிரியில் விலைமதிப்புள்ள வரி ‘கிடையாது’ என்று முடியும் வரி. தண்ணீரைக் கணக்கிட வந்தவர் அரை நிமிடத்தில் திரும்பிப் போய்விடுவார். அது அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. ‘வேகமானது, நெகிழ்வானது, பயன்படுத்த எளிது’ என்றெல்லாம் எழுத ஆசை வரும். விட்டுவிடுங்கள்.

படி 2: நிறுவுதல்

உங்கள் கணினியில் நிரல் ஓடுகிறது என்பது எதற்கும் சான்றில்லை. மூன்று வருடமாக அதில் சேர்ந்துபோன லைப்ரரிகளும், எப்போதோ உள்நுழைவுக் கோப்பில் எழுதி மறந்துவிட்ட பாதைகளும் சேர்ந்துதான் அதை ஓட்டுகின்றன. ஆகவே நிறுவும் பக்கத்தை நினைவிலிருந்து எழுத வேண்டாம். டாக்கரில் (கணினிக்குள்ளேயே தனிக் கணினி போன்ற வெற்றுச் சூழலைத் தரும் கருவி) வெறும் உபுண்டு ஒன்றை ஏற்றிக்கொள்ளுங்கள், அல்லது சக மாணவரின் கணினியில் புதிய பயனர் கணக்கு ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே ஒவ்வொரு கட்டளையாக அடித்து, அடித்ததை அப்படியே ஆவணத்தில் ஒட்டுங்கள்.

கம்பைலரின் பெயரும் பதிப்பும், லைப்ரரிகளின் பெயரும் பதிப்பும் எண்ணாகவே இருக்கட்டும். ‘அண்மைப் பதிப்பு’ என்று எழுதினால் இரண்டு வருடம் கழித்துப் படிப்பவருக்கு அதற்கு அர்த்தமே இருக்காது. கம்பைலருக்குக் கொடுக்கும் தெரிவுகளையும் எழுதுங்கள். வேகத்துக்காக மிதவைப்புள்ளிக் கணக்கின் விதிகளைத் தளர்த்தும் தெரிவு ஒன்று ஜி.சி.சி. கம்பைலரில் இருக்கிறது, அதைப் போட்டவருக்கும் போடாதவருக்கும் கடைசி இலக்கங்கள் வேறுபடும்.

ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் திரையில் என்ன வந்தால் சரி என்று ஒரு வரி சேருங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான். கட்டளை மௌனமாக முடிந்தால் புதியவருக்கு வெற்றியா தோல்வியா என்று தெரியாது.

அடுத்து, வழக்கமாகக் கெட்டுப்போகும் இடங்களை அறிகுறியோடு எழுதுங்கள். ஓர் உதாரணம்: நிரலை ஒரு எம்.பி.ஐ. லைப்ரரியோடு (வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) கம்பைல் செய்து, வேறொரு எம்.பி.ஐ.யின் ஓட்டும் கட்டளையால் ஓட்டினால், பல நேரம் பிழைச்செய்தியே வராது. நாலு கோர் கேட்டிருந்தால் ஒவ்வொரு வரியும் நாலு முறை அச்சாகும். ஒவ்வொரு நகலும் ‘1 கோரில் ஓடுகிறேன்’ என்று சொல்லும். நாலும் ஒரே வெளியீட்டுக் கோப்பின் மேல் மாறி மாறி எழுதும். ஆவணத்தில் எழுத வேண்டிய தலைப்பு ‘எம்.பி.ஐ. பொருந்தாமை’ என்பதாக இருக்கக் கூடாது; ‘ஒவ்வொரு வரியும் பலமுறை அச்சாகிறதா?’ என்றிருக்க வேண்டும். மாட்டிக்கொண்டவர் தேடுவது அறிகுறியைத்தான். காரணத்தின் பெயர் தெரிந்திருந்தால் அவர் தேடவே போவதில்லை.

படி 3: முதல் ஓட்டம்

ஒரு நிமிடத்துக்குள் முடியும் ஓட்டம் ஒன்றை உள்ளீட்டுக் கோப்போடு கொடுங்கள். நம் நிரலுக்கு ரஹ்மானின் 864 அணுவே சரியான அளவு. 864 ஏன் என்று ஒரு வரி சொல்லிவிடலாம்: முகமையக் கனசதுர அடுக்கின் ஓர் அலகில் 4 அணு; பக்கத்துக்கு 6 அலகு வைத்தால் 6 × 6 × 6 × 4 = 864. நேரப்படி 10 ஃபெம்டோ நொடி. ஆயிரம் படி ஓட்டினால் 10 பிகோ நொடி. எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் அளந்து எழுதுங்கள். பத்து நிமிடமாகத் திரை அசையவில்லை என்றால் காத்திருப்பதா நிறுத்துவதா என்று முடிவெடுக்க அவருக்கு வேறு வழியில்லை.

வர வேண்டிய வெளியீட்டையும் ஒரு கோப்பாகச் சேருங்கள். கூடவே, பார்ப்பவரைப் பயமுறுத்தும் ஆனால் பிழையல்லாத விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த நிரலில் அப்படி இரண்டு உண்டு.

முதலாவது, தொடங்கிய சிறிது நேரத்தில் வெப்பநிலை ஏறக்குறையப் பாதியாகச் சரியும். அணுக்களைக் கச்சிதமான அடுக்கில் வைத்துத் திசைவேகம் மட்டும் கொடுத்தால், இயக்க ஆற்றலில் ஒரு பாதி சீக்கிரமே நிலையாற்றலாக மாறிவிடும். ஆற்றல் மாறாத ஓட்டத்தில் 94.4 வேண்டுமென்றால் ஏறக்குறைய இரட்டிப்பாகக் கொடுத்துத் தொடங்க வேண்டும். அல்லது முதலில் வெப்பநிலையை நிலைநிறுத்தி ஓட்டிவிட்டுப் பிறகு விட வேண்டும். நிரல் இதில் எதைச் செய்கிறது என்று எழுதாவிட்டால், முதல் நாளே ‘உங்கள் நிரலில் பிழை’ என்று கடிதம் வரும்.

இரண்டாவது, வெப்பநிலையை நிலைநிறுத்தினாலும் எண் நின்றபடி நிற்காது. 864 அணுக்களுக்கு, சரியான வெப்பநிலைப் பரவலைத் தரும் முறையில், அது 94.4ஐச் சுற்றி ஏறக்குறைய 2.6 கெல்வின் திட்ட விலக்கத்தோடு ஆடும். ‘இரண்டை அணு எண்ணிக்கையின் மும்மடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, வெப்பநிலையால் பெருக்கினால்’ என்று எழுதினால் குழப்பம்தான், ‘94.4 × √(2 ÷ 2592) = 2.6’ என்று எழுதுங்கள். இதுவே ஒரு நல்ல சோதனையும்கூட. ஆட்டம் இதைவிட வெகு குறைவாக இருந்தால், பெரென்ட்சென் முறை போல ஆட்டத்தை அமுக்கிவிடும் ஏதோ ஒன்று ஓடுகிறது என்று பொருள்.

படி 4: உள்ளீட்டு எண்கள்

ஆவணத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேரமில்லை, ஒரே ஒரு பக்கம்தான் எழுத முடியும் என்றால் இதை எழுதுங்கள்.

ஒவ்வொரு எண்ணுக்கும் பெயர், அலகு, கொடுக்காவிட்டால் நிரல் தானாக எடுக்கும் மதிப்பு, ஏற்கும் எல்லை, எல்லை மீறினால் என்ன ஆகும், வேறு எந்த எண்ணோடு பின்னிக்கிடக்கிறது ஆகியவை வேண்டும். ‘வெட்டுத்தூரம்: விசை கணக்கிடப்படும் தூரம்’ என்று எழுதுவது எழுதாததற்குச் சமம், பெயரிலேயே அது இருக்கிறது. இப்படி எழுதிப் பாருங்கள்:

‘வெட்டுத்தூரம். அலகு: சிக்மா. தானாக எடுப்பது: 2.5. எல்லை: 2.0 முதல் பெட்டிப் பக்கத்தின் பாதி வரை. மீறினால் நிரல் தொடங்காது. 2.5 சிக்மாவில் ஆற்றல் −0.0163 எப்சிலான், அது பூஜ்யமாகும்படி வளைவு முழுவதும் மேலே நகர்த்தப்படுகிறது. வெட்டுக்கு அப்பாலான பகுதிக்குத் திருத்தம் எதுவும் சேர்க்கப்படுவதில்லை.’

கடைசி இரண்டு வாக்கியங்கள் அற்பமாகத் தோன்றலாம். அவை எவ்வளவு பெரியவை என்று பாருங்கள். முழு லென்னார்ட்-ஜோன்ஸ் திரவத்தின் மாறுநிலை வெப்பநிலை (இதற்கு மேல் திரவம், வாயு என்ற வேறுபாடு இருக்காது), குறுக்கிய அலகில், அதாவது சிக்மாவையும் எப்சிலானையும் 1 என்று வைத்து அளந்தால், ஏறக்குறைய 1.31. 2.5 சிக்மாவில் வெட்டி, மேலே நகர்த்திய வளைவுக்கு அது ஏறக்குறைய 1.08. ஆர்கானுக்கு வழக்கமாகப் போடும் 120 கெல்வினால் பெருக்கினால் ஒன்று 157 கெல்வின், மற்றது 130 கெல்வின். முழு வளைவைப் போட்டவரும் வெட்டிப் போட்டவரும் தங்கள் கட்டுரையில் ‘லென்னார்ட்-ஜோன்ஸ் ஆர்கான்’ என்றே எழுதுவார்கள். இருவர் நிரலிலும் பிழை இருக்காது. 27 கெல்வின் இடைவெளி மட்டும் இருக்கும்.

அலகுகளைப் பொறுத்தவரை, ஒரே இடத்தில் ஒரு அட்டவணை வையுங்கள். குறுக்கிய அலகில் ஓடும் நிரலென்றால் ஆர்கானுக்கு அது எவ்வளவு என்று மாற்றிக் காட்டுங்கள்: நீளம் 1 என்றால் 3.4 ஆங்ஸ்ட்ரம், வெப்பநிலை 1 என்றால் 120 கெல்வின், நேரம் 1 என்றால் 2.15 பிகோ நொடி. 94.4 கெல்வின் என்பது 0.787, 10 ஃபெம்டோ நொடி என்பது 0.00465. இந்த ஐந்து எண்ணும் பக்கத்தில் இருந்தால் புதியவர் தன் மாற்றுக் கணக்கு சரியா என்று தானே பார்த்துக்கொள்வார்.

பெரிய நிரல்களிலும் இந்தப் பொறி உண்டு. லாம்ப்ஸ் நிரலில் அலகு முறையை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘ரியல்’ என்றால் நேரம் ஃபெம்டோ நொடியில், தானாக எடுக்கும் நேரப்படி 1.0. ‘மெட்டல்’ என்றால் நேரம் பிகோ நொடியில், தானாக எடுப்பது 0.001. இரண்டும் ஒரே அளவுதான். ஒன்றுக்கு எழுதிய உள்ளீட்டை மற்றதில் ஒட்டி 1.0 என்று விட்டுவிட்டால் நேரப்படி ஆயிரம் மடங்காகி, அணுக்கள் சிதறிப் பறக்கும். பறந்தால் நல்லது, தவறு உடனே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் தப்பான விடை தருபவைதான் ஆபத்து.

அப்படிச் சத்தமில்லாத ஒன்று, பிணைப்பின் விசை மாறிலி. ஆம்பர் விசைப்புலத்தில் (அணுக்களுக்கு இடையிலான விசைகளுக்கான எண்களின் தொகுப்பு) ஒரு கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புக்கு 340 என்று இருக்கும். அதே பிணைப்புக்கு குரோமாக்ஸ் என்ற நிரலின் கோப்பில் 284512. முதலாவது கிலோகலோரியும் ஆங்ஸ்ட்ரமும். இரண்டாவது கிலோஜூலும் நானோமீட்டரும். 4.184ஆலும் 100ஆலும் பெருக்கினால் 142256தான் வருகிறது. மீதி ஒரு 2 எங்கே? குரோமாக்ஸின் சமன்பாட்டில் முன்னால் ½ இருக்கிறது. ஆம்பரில் அந்த ½ மாறிலிக்குள்ளேயே கரைந்துபோயிருக்கிறது. மாற்றுபவர் அந்த 2ஐ விட்டுவிட்டாலும் நிரல் ஓடும், மூலக்கூறு முழுசாகவே இருக்கும், பிணைப்பு மட்டும் பாதித் தளர்வாக அதிரும். எனவே ஒரு மாறிலியைக் குறிப்பிடும் இடத்திலெல்லாம் அது உட்காரும் சமன்பாட்டை ½ உட்பட முழுசாக எழுதுங்கள். சிக்மாவுக்கும் இதே கதிதான்: சில விசைப்புலங்கள் சிக்மாவைக் கேட்கும், சில ஆற்றல் மிகக் குறையும் தூரத்தைக் கேட்கும், சில அதன் பாதியை. ஆர்கானுக்கு முறையே 3.4, 3.82, 1.91 ஆங்ஸ்ட்ரம்.

படி 5: உள்ளே என்ன நடக்கிறது

பாடப்புத்தகத்தை நகலெடுக்க வேண்டாம். நியூட்டன் விதி எல்லோருக்கும் தெரியும். ஒரு விஷயத்தை இரண்டு நியாயமான வழிகளில் செய்யலாம் என்ற இடம் வரும்போதெல்லாம், நிரல் எந்த வழியில் போகிறது என்று மட்டும் எழுதுங்கள்.

தொடக்கத் திசைவேகம் எப்படித் தரப்படுகிறது? பெட்டியின் மொத்த உந்தம் பூஜ்யமாக்கப்படுகிறதா? ஆக்கப்பட்டால் வெப்பநிலைக் கணக்கில் 2592க்குப் பதில் 2589ஆல் வகுக்க வேண்டும், 94.4 கெல்வினில் வித்தியாசம் 0.11. இதெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள் என்று தோன்றுபவர்கள் மிகைக்குளிர்ந்த தண்ணீர் சண்டையை நினைத்துக்கொள்ளலாம். தண்ணீரை உறைநிலைக்குக் கீழே வெகுவாகக் குளிர்வித்தால் இரண்டு வகைத் திரவமாகப் பிரியுமா என்பதில், 2011 முதல் பெர்க்லியில் டேவிட் சாண்ட்லரின் குழுவும் பிரின்ஸ்டனில் பாப்லோ டெபெனெடெட்டியின் குழுவும் ஒரே தண்ணீர் மாதிரியை வைத்து எதிரெதிர் விடை கண்டார்கள். ஏழு வருடம் கழித்து, 2018இல், வேறுபாட்டின் மூலம் பெர்க்லி நிரலில் திசைவேகங்களைத் தொடங்கிவைக்கும் கட்டத்தில் இருந்தது என்று பிரின்ஸ்டன் தரப்பு வெளியிட்டது. அதைக் கண்டுபிடிக்க நிரலையே பார்க்க வேண்டியிருந்தது. கட்டுரைகளில் அந்தக் கட்டம் ஒரு வரிக்கு மேல் பெறுவதில்லை.

ஸ்ஃபிங்க்ஸ், டாக்ஸிஜன் போன்ற கருவிகள் நிரலில் உள்ள குறிப்புகளிலிருந்து பக்கங்களைத் தாமே உண்டாக்கும். நிரலைத் திருத்த வருபவருக்கு அவை உதவும். அவற்றை மட்டும் ஏற்றிவிட்டு ஆவணம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஓட்ட வருபவருக்கு நூற்றைம்பது செயற்கூறுகளின் பட்டியலால் ஒரு பயனும் இல்லை.

படி 6: வெளியீடு

ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பெயரும் அலகும் கோப்பின் தலையிலேயே அச்சாகட்டும். ஆற்றல் என்றால் மொத்தத்துக்கா, அணு ஒன்றுக்கா? அழுத்தம் என்றால் பாரா, வளிமண்டலமா?

இங்கே தனியாக எச்சரிக்க வேண்டியது ஆயத்தொலைவுகள். பெட்டியின் ஒரு பக்கம் வெளியேறும் அணு மறுபக்கம் உள்ளே வரும். கோப்பில் எழுதப்படுவது பெட்டிக்குள் மடித்த இடமா, மடிக்காத உண்மைப் பயணமா என்று சொல்லியே ஆக வேண்டும். ரஹ்மான் கண்ட விரவல் குணகம் (அணுக்கள் எவ்வளவு வேகமாகப் பரவுகின்றன என்பதன் அளவு) நொடிக்கு 2.43 × 10⁻⁵ சதுர சென்டிமீட்டர். அதன்படி 10 பிகோ நொடியில் ஓர் அணுவின் சராசரி வர்க்க இடப்பெயர்ச்சி 15 சதுர ஆங்ஸ்ட்ரமுக்குக் கொஞ்சம் குறைவு. மடித்த ஆயத்தொலைவை எடுத்துக் கணக்கிட்டால், எல்லையைத் தாண்டிய ஒவ்வோர் அணுவும் 34.78 ஆங்ஸ்ட்ரம் தாவியதாகக் காட்டும். அதன் வர்க்கம் 1200க்கு மேல். வெகு சில அணுக்கள் தாண்டினாலே சராசரி கெட்டுவிடும். வரைபடம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், அதுதான் தொல்லை.

படி 7: திரும்பச் செய்தால் அதே விடை வருமா?

எதை உறுதி தருகிறீர்கள், எதைத் தரவில்லை என்று நேராக எழுதுங்கள். கணினியில் (0.1 + 0.2) + 0.3 என்று கூட்டினால் 0.6000000000000001, 0.1 + (0.2 + 0.3) என்று கூட்டினால் 0.6. நாலு கோரில் விசையைக் கூட்டும் வரிசை எட்டுக் கோரில் மாறும். கடைசி இலக்கத்தில் தொடங்கும் அந்த வித்தியாசம், அணுக்கள் மோதிக்கொண்டே இருப்பதால் வேகமாகப் பெருகி, சில ஆயிரம் படிகளில் இரண்டு ஓட்டங்களின் பாதையும் முற்றிலும் வேறாகிவிடும். சராசரிகள் மாறாது.

ஆவணத்தில் இப்படி எழுதலாம்: ‘ஒரே கணினி, ஒரே கம்பைலர், ஒரு கோர், ஒரே விதை எண் என்றால் கடைசி இலக்கம் வரை அதே விடை. கோர்களின் எண்ணிக்கை மாறினால் பாதை மாறும். சராசரி ஆற்றல், அழுத்தம், விரவல் குணகம் ஆகியவை குறிப்பிட்ட பிழை எல்லைக்குள் ஒத்துப்போகும்.’ (விதை எண் என்பது நிரலின் சீரற்ற எண்களைத் தொடங்கிவைக்கும் எண்.) பிழை எல்லையை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதையும் சேருங்கள். அடுத்தடுத்த படிகளின் மதிப்புகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால், ஓட்டத்தைத் துண்டுகளாகப் பிரித்துத் துண்டுகளின் சராசரிகளிலிருந்து எடுப்பதே வழக்கம்.

2020இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கோவிட் பரவல் நிரல் பொதுவெளிக்கு வந்தபோது, பல கோர்களில் ஓட்டினால் ஒரே விதை எண்ணுக்கு வேறு வேறு விடை வருகிறது என்று பெரிய கூச்சல் எழுந்தது. பிறகு கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் எக்லன் அதை ஓட்டிப் பார்த்து, அறிக்கையின் முடிவுகளைத் திரும்பப் பெற முடிகிறது என்று சான்று கொடுத்தார். எந்த அளவுக்கு விடை மாறும் என்று ஒரு பத்தி முதலிலேயே இருந்திருந்தால் கூச்சலில் பாதி அடங்கியிருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

படி 8: பிழைச்செய்தியும் ஆவணமே

மாட்டிக்கொண்டவர் முதலில் படிப்பது இதைத்தான். மற்ற பக்கங்களுக்கு வருவதற்குள் பலர் விட்டுவிடுவார்கள். ‘பிழை 17’ என்பதற்குப் பதில்: ‘வெட்டுத்தூரம் 20.0 ஆங்ஸ்ட்ரம், பெட்டிப் பக்கத்தின் பாதி 17.39. வெட்டுத்தூரத்தைக் குறைக்கவும் அல்லது அணுக்களைக் கூட்டவும்.’ பயனாளர் கொடுத்த எண், அனுமதிக்கும் எண், செய்ய வேண்டியது: மூன்றும் இருந்தால் போதும்.

படி 9: தெரியாத ஒருவர் கையில் கொடுங்கள்

நிரலைப் பார்த்தே இராத ஒருவரைப் பிடியுங்கள். பக்கத்து ஆய்வகத்து முதலாண்டு மாணவர் என்றால் பொருத்தம். முகவரியை மட்டும் கொடுத்து, முதல் ஓட்டம் வரை வரச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், வாய் திறக்கக் கூடாது. இது, கேட்கும்போது தோன்றுவதைவிடக் கஷ்டம். ‘அங்கே ஒரு ஸ்பேஸ் விடணும்’ என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்ல நினைத்த ஒவ்வொன்றும் ஆவணத்தில் விடுபட்ட ஒரு வரி. குறித்துக்கொண்டு, அன்றைக்கே எழுதிச் சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை வேறு ஆளைப் பிடிக்க வேண்டும், முதல் ஆளுக்கு இப்போது வழி தெரிந்துவிட்டது.

படி 10: உரிமம், மேற்கோள், பதிப்பு

உரிமக் கோப்பு இல்லாத நிரல் இணையத்தில் திறந்து கிடந்தாலும், சட்டப்படி மற்றவர் அதை நகலெடுத்துத் திருத்தி வெளியிட உரிமை கிடையாது. லாம்ப்ஸ் ஜி.பி.எல். உரிமத்திலும் குரோமாக்ஸ் எல்.ஜி.பி.எல். உரிமத்திலும் இருக்கின்றன. உங்களுடையதற்கு எது என்று தீர்மானிக்கும் முன் நெறியாளரிடமும் நிறுவனத்திடமும் கேட்டுவிடுங்கள். பதிப்புரிமை உங்களுடையதாக இல்லாமலும் போகலாம்.

எப்படி மேற்கோள் காட்ட வேண்டும் என்பதை ஒரு தனிக் கோப்பில் எழுதுங்கள். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் 2013 முதல் நடத்தும் செனோடோ என்ற இணையக் களஞ்சியத்தில் ஒவ்வொரு பதிப்பையும் ஏற்றினால் அதற்கென்று நிலையான டி.ஓ.ஐ. எண் கிடைக்கும், கட்டணம் கிடையாது. கிட்ஹப் முகவரியை மட்டும் கட்டுரையில் கொடுத்தால் அது நாளை மாறலாம், கணக்கே மூடப்படலாம். பதிப்பு எண்ணும் கமிட் எண்ணும் (நிரலில் பதிந்த ஒவ்வொரு மாற்றத்துக்குமான அடையாளம்) ஒவ்வொரு வெளியீட்டுக் கோப்பின் முதல் வரியில் தானாக அச்சாகட்டும். கேட்டுப் பெற முடியாத தகவல் அது, ஏனென்றால் ஆறு மாதம் கழித்து எந்தப் பதிப்பில் ஓட்டினோம் என்று ஓட்டியவருக்கே தெரியாது.

ஆவணமும் நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில் இருக்க வேண்டும். தனி கூகுள் டாக்கில் வைத்தால் இரண்டாவது பதிப்பிலேயே இரண்டும் வழி பிரிந்துவிடும். படி 3இல் கொடுத்த எடுத்துக்காட்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக ஓடிச் சரிபார்க்கப்படுமாறு அமைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றப் பட்டியலை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: எண்களைத் தொடாத மாற்றங்கள் ஒரு பக்கம், முடிவுகளை மாற்றும் திருத்தங்கள் இன்னொரு பக்கம். வேகம் கூடியது, புதுக் கட்டளை வந்தது என்பதையெல்லாம் யாரும் ஆழ்ந்து படிக்கப்போவதில்லை. இரண்டாவது பக்கத்தை ஏற்கெனவே கட்டுரை எழுதிவிட்டவர்கள் வரி வரியாகப் படிப்பார்கள். அங்கே ஒரு வரி இப்படி இருக்க வேண்டும்: ‘பதிப்பு 1.3. மொத்த உந்தம் பூஜ்யமாக்கப்பட்டிருந்தும் வெப்பநிலைக் கணக்கில் அது கழிக்கப்படவில்லை, இப்போது கழிக்கப்படுகிறது. 864 அணுக்களுக்கு 94.4 கெல்வினில் அச்சாகும் வெப்பநிலை 0.11 கூடும். 100 அணுக்களுக்குக் குறைவான ஓட்டங்களில் இது 1 விழுக்காட்டைத் தாண்டும், 1.2 வரையிலான பதிப்புகளில் அத்தகைய ஓட்டங்களை எடுத்தவர்கள் திரும்ப எடுக்கவும்.’